நிறத்தைச் சொல்லுங்கள்

சென்ற மாதம் மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் என் பேத்தியின் வகுப்பு நிகழ்ச்சி. முடிந்து வெளியே வந்து, வாசலில் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் இரண்டு பெண்மணிகள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒட்டுக் கேட்பது நல்ல பழக்கமல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் தில்லித் தெருவில் தமிழ் காதில் விழுந்தால் திரும்பிப் பார்க்காத தமிழர் யார்?

"பொறந்து பன்னெண்டு நாள்தான் ஆச்சு. ராத்திரி பூரா பச்சை பச்சையா கக்கினான். உரம் விழுந்திருக்கும்னு எங்க அத்தை சொன்னாங்க. புடவையில போட்டு உருட்டி உரம் எடுத்தோம். காலையில கொஞ்சம் தேவலை" என்றார் ஒருவர். "எங்க ஊர்ல இதைக் குடலேத்தம்னு சொல்வாங்க. வயித்துல எண்ணெய் போட்டு நீவினா எறங்கிடும்" என்றார் மற்றவர்.

என் வயதை நினைத்துத் துணிந்து குறுக்கிட்டேன். "குழந்தையை டாக்டரிடம் காட்டினீர்களா அம்மா?" என்றேன். "அதான் சரியாப் போச்சே மாமா" என்றார் அந்தத் தாய். "சரியாகிவிட்டது என்று நீங்களும் நானும் சொல்ல முடியாது. இன்றைக்கே, இப்போதே காட்டுங்கள்" என்றேன். யாரோ ஒரு கிழவர் பயமுறுத்துகிறார் என்பது போல அவர் என்னைப் பார்த்தார். கையிலிருந்த நிகழ்ச்சி நிரல் தாளின் பின்புறத்தில் ஒரு வரியும் என் தொலைபேசி எண்ணும் எழுதிக் கொடுத்தேன். அந்த வரி என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்படி அடாவடியாகத் தலையிடுவதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. அதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. நான் டாக்டர் அல்ல. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தலைநகரின் மருத்துவமனைகளில் எக்ஸ்-ரே டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நம் சங்கத்தில் டாக்டர்கள் பலர் இருக்கிறார்கள். நான் எழுதுவதில் பிழை இருந்தால் அடுத்த இதழிலேயே திருத்தட்டும்.

1986 ஜனவரி. தில்லியின் ஜனவரி இரவு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு நைட் டியூட்டி. எந்த மருத்துவமனை என்று சொல்லப் போவதில்லை, அது இங்கே முக்கியமும் இல்லை. பதினோரு மணிக்கு மேல் ஒரு தாய் பதினெட்டு நாள் ஆண் குழந்தையைப் போர்வைக்குள் சுற்றிக்கொண்டு வந்தாள். சேலம் மாவட்டம், ஆத்தூர்ப் பக்கம். புருஷன் கட்டட வேலை, யமுனைக்கு அக்கரையில் குடிசை. இந்தியில் நாலைந்து வார்த்தைதான் தெரியும். டியூட்டியில் இருந்த இளம் டாக்டர் நல்ல மனிதர், பொறுமைசாலி. ஆனால் தமிழுக்கு அவர் எங்கே போவார்? என்னைக் கூப்பிட்டு, "இந்த அம்மா என்ன சொல்கிறாள், கேட்டுச் சொல்" என்றார்.

"அண்ணே, பாலு குடிச்சா நிக்க மாட்டேங்குது. நேத்துலேர்ந்து பச்சைத் தண்ணியா கக்குது" என்றாள்.

பச்சைத் தண்ணி. நம் பேச்சில் பச்சைத் தண்ணி என்றால் என்ன? காய்ச்சாத தண்ணீர், வெறும் தண்ணீர். பச்சைத் தண்ணியில் குளித்தேன் என்கிறோம், பச்சைத் தண்ணிகூடப் பல்லில் படவில்லை என்கிறோம். எனக்கு அப்படித்தான் கேட்டது. நான் டாக்டரிடம், "பானீ ஜைஸி உல்டி", அதாவது தண்ணீர் போல வாந்தி எடுக்கிறது என்று மொழிபெயர்த்தேன். டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், மெதுவாகத்தான் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு எக்ஸ்-ரே எடுக்கச் சொன்னார். எடுத்தேன். குடலில் காற்று எல்லா இடத்திலும் ஒழுங்காகவே பரவியிருந்தது. படத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. "படம் நன்றாகத்தான் இருக்கிறது, பயப்படாதே" என்று நான்தான் அவளிடம் சொன்னேன். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள்.

மறுநாள் இரவு திரும்பி வந்தார்கள். வயிறு பானை போல உப்பியிருந்தது. மலத்தில் ரத்தம். குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லை. குழந்தையைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்தபோது அதில் அடர்ந்த பச்சைக் கறை, கீரையை மசித்து அப்பினாற்போல. அதைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு முந்தின இரவின் வார்த்தை விளங்கிவிட்டது. அவள் நிறத்தைத்தான் சொல்லியிருக்கிறாள். ஆபரேஷன் நடந்தது. திறந்து பார்த்தபோது சிறுகுடல் முழுவதும் முறுக்கிக்கொண்டு கறுத்துப் போயிருந்ததாக அறுவை மருத்துவர் சொன்னார். மூன்றாம் நாள் குழந்தை இறந்துவிட்டது. அந்தத் தாய் என்னைக் குறை சொல்லவில்லை. நான் விட்ட வார்த்தை எது என்று அவளுக்குத் தெரியாது.

அந்த நோய்க்கு இன்டெஸ்டைனல் மால்ரொட்டேஷன் என்று பெயர். தமிழில் குடல் சுழற்சிக் கோளாறு எனலாம். இதைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. பிறகு படித்தும், ரேடியாலஜி டாக்டர்களை நச்சரித்துக் கேட்டும் தெரிந்துகொண்டேன்.

கருவில் ஆறாவது வாரம் வாக்கில் குடல் வேகமாக வளர்கிறது. வயிற்றுக்குள் இடம் போதாமல் தொப்புள்கொடிக்குள் வெளியே நீண்டு, பத்தாவது வாரம் வாக்கில் மறுபடி உள்ளே வருகிறது. இந்தப் போக்குவரத்தில் அது முக்கால் சுற்று, அதாவது 270 டிகிரி, கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த்திசையில் திரும்புகிறது. பின்பு சிறுகுடலின் தொடக்கம் வயிற்றின் இடது மேல்பக்கமும், அதன் முடிவு வலது கீழ்ப்பக்கமும் முதுகுச் சுவரோடு ஒட்டிக்கொள்கின்றன. கொடியில் வேட்டி காயப்போடுகிறோம். இரண்டு முனையிலும் தள்ளித் தள்ளிக் கிளிப் போட்டால் எவ்வளவு காற்றடித்தாலும் சுருளாது. இரண்டு கிளிப்பையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டால் ஒரு காற்றுக்கே கயிறாய்த் திரிந்துவிடும். சுழற்சி பாதியில் நின்றுபோன குழந்தைக்குக் குடலின் இரண்டு பிடிப்புகளும் அப்படிக் கிட்டக் கிட்ட அமைந்துவிடுகின்றன. அந்தக் குறுகிய காம்பு வழியாகத்தான் சிறுகுடல் முழுமைக்கும் ரத்தக்குழாய் போகிறது. அது முறுக்கினால் சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்குகிறது. முறுக்குவதற்கு முன் குழந்தை கொழுகொழுவென்று இருக்கலாம். வெளியே எந்த அடையாளமும் தெரியாது.

உபத்திரவம் கொடுக்கும் அளவுக்கு இந்தக் கோளாறு சுமார் 6000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருவதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. பாதிக்கு மேல் முதல் மாதத்திலேயே தெரிய வரும். அதன் முதல் அறிகுறி பெரும்பாலும் பச்சை வாந்திதான். பித்தநீர் வந்து சேரும் இடத்துக்குக் கீழே குடல் அடைபட்டால் பித்தம் மேலே திரும்பி வாய் வழியே வருகிறது. நாம் பேச்சுவாக்கில் பித்த வாந்தி என்கிறோமே, அந்தச் சொல் எவ்வளவு சரி பாருங்கள்! சொல்லைச் சரியாக வைத்துக்கொண்டு, அது ஏதோ எலுமிச்சம்பழத்தால் தீரும் விஷயம் என்று பொருளைத் தப்பாக வைத்துக்கொண்டிருக்கிறோம். பெரியவர்களுக்கு வேண்டுமானால் அப்படி இருக்கலாம். பிறந்த குழந்தைக்குப் பச்சை வாந்தி என்றால் வேறு காரணம் நிரூபணமாகும் வரை குடல் அடைப்பு என்றே மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

என் தொழிலுக்கு வருகிறேன். அன்று நான் எடுத்தது சாதாரண எக்ஸ்-ரே. மால்ரொட்டேஷன் இருக்கும் குழந்தைக்கு, ஏன், முறுக்கத் தொடங்கிவிட்ட குழந்தைக்கே கூட, சாதாரண எக்ஸ்-ரே அச்சாக நல்ல படம் போலவே இருக்கலாம். ஆகவே 'எக்ஸ்-ரே நார்மல்' என்ற சீட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவது பச்சை வாந்தி விஷயத்தில் போதாது. கேட்க வேண்டிய படம் வேறு. மேல் குடலுக்கான கான்ட்ராஸ்ட் படம், பழைய ஆட்கள் பாஷையில் 'பேரியம் டெஸ்ட்'.

பால் புட்டியிலோ மெல்லிய குழாய் வழியாகவோ குழந்தைக்குச் சிறிது பேரியம் கரைசல் கொடுப்பார்கள். குடல் ஓட்டையாகியிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் தண்ணீரில் கரையும் வேறு மருந்து. அது இரைப்பையை விட்டு முன்சிறுகுடலுக்குள் போவதை ஃப்ளூரோஸ்கோப்பித் திரையில் அப்போதைக்கப்போது பார்க்கலாம். ஒழுங்கான குழந்தைக்கு அந்த மருந்து முதலில் வலப்புறம் போய், கீழிறங்கி, முதுகெலும்பைக் குறுக்கே கடந்து, இடப்புறம் மேலேறும். மேலேறி நிற்கும் அந்த வளைவை பிராக் நகரத்து மருத்துவர் டிரைட்ஸ் 1853-இல் விவரித்த ஒரு தசைநார் தாங்கிப் பிடித்திருக்கிறது. அந்த இடம் முதுகெலும்புக்கு இடப்புறம் இருக்கிறதா, போதிய உயரத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கோளாறு உள்ள குழந்தைக்கு மருந்து முதுகெலும்பைக் கடக்காமல் வலப்பக்கமே கீழே போய்விடும். முறுக்கியிருந்தால் ஸ்க்ரூ ஆணியின் மறை போலச் சுற்றிச் சுற்றி இறங்கும். ஒரேயடியாக அடைத்திருந்தால் பறவையின் அலகு மாதிரி கூம்பி நின்றுவிடும்.

இதில் டெக்னீஷியனின் பங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல ஆசை. யாரும் எங்களைப் பற்றி எழுதுவதில்லை. குழந்தை நேராகப் படுத்திருக்க வேண்டும். இம்மி சாய்ந்தாலும் முதுகெலும்புக்கு இடதா வலதா என்ற கணக்கே தப்பிவிடும். பசியோடு இருக்கும் மூன்று கிலோ குழந்தையை நேராகப் படுக்க வைத்துப் பாருங்கள், தெரியும். அதோடு முதல் மடக்கு மருந்து வளைவைக் கடக்கும் அந்தச் சில நொடிகளில் பார்த்தால்தான் உண்டு. பிறகு மருந்து கீழ்க் குடல்களில் நிரம்பி எல்லாவற்றையும் மறைத்துவிடும். அதனால் நாங்கள் "கையைப் பிடியுங்கள், காலைப் பிடியுங்கள்" என்று தாயை அதட்டுவது போலப் பேசினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது அல்ட்ராசவுண்ட். 1986-இல் இரவில் அதற்கு வழியே இல்லை. 1992-இல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முறுக்கிய குடலை அல்ட்ராசவுண்டில் பார்த்தால், குடலுக்குப் போகும் தமனியைச் சுற்றிச் சிரையும் குடலும் கடிகாரத் திசையில் நீர்ச்சுழி போலச் சுற்றிக்கொண்டிருப்பது தெரிகிறது என்றார்கள். நீர்ச்சுழி அடையாளம் என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. கதிர்வீச்சு இல்லை, மருந்து குடிக்க வேண்டாம், தொட்டிலின் பக்கத்திலேயே பார்க்கலாம். இப்போது பல இடங்களில் இதையே முதலில் செய்கிறார்கள். ஆனால் பார்ப்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. குடலில் காற்று நிறைந்திருந்தால் திரை வெறும் புகைமூட்டமாகிவிடும். பேரியமும் நூற்றுக்கு நூறு அல்ல. பச்சிளங்குழந்தையின் குடல் வளைவு இளகியது. காற்றோ குழாயோ தள்ளினால் இடம் மாறித் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுப்பது டாக்டர்களின் வேலை. குழந்தை மிகவும் மோசமாக இருந்தால் படமே வேண்டாம் என்று நேரே ஆபரேஷன் மேஜைக்குக் கொண்டுபோவார்கள், அப்போது "ஸ்கேன் எடுக்காமல் எப்படி?" என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆபரேஷன் புதிதொன்றுமல்ல. எடின்பரோவின் நார்மன் டாட் 1923-இல் இந்தக் கோளாறின் கருவியல் காரணங்களை விளக்கி எழுதினார். (வேடிக்கை என்னவென்றால் அவர் பிற்பாடு மூளை அறுவையில் பேர் வாங்கினார்.) பாஸ்டனின் வில்லியம் லேட் 1936-இல் சிகிச்சையை எழுதினார். முறுக்கை எதிர்த்திசையில் பிரித்து, குறுக்கே அழுத்தும் நார்களை வெட்டி, காம்பை அகலப்படுத்தி, சிறுகுடலை வலப்புறமும் பெருங்குடலை இடப்புறமும் விட்டுவிடுவது. இன்றும் அவர் பெயரால்தான் அந்த ஆபரேஷன் நடக்கிறது. நேரத்தோடு செய்தால் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். நேரம் தவறினால் அழுகிய குடலை வெட்டி எடுக்க வேண்டும். குடல் குறைந்துபோன குழந்தை பிழைத்தாலும் சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் வருஷக்கணக்கில் நரம்பு வழி உணவோடு போராட வேண்டியிருக்கும்.

இனி நம் வீட்டு வைத்தியத்துக்கு வருகிறேன். பாட்டிமார்களை ஏளனம் செய்ய நான் எழுதவில்லை. என்னையும் வசம்பும் உரை மருந்தும் கொடுத்துத்தான் வளர்த்தார்கள். குடலேற்றம் என்று நம் கிராமங்களில் சொல்வதையே இங்கே வடக்கத்தியர்கள் 'நாபி கிஸக் கயீ' என்கிறார்கள், தொப்புள் நகர்ந்துவிட்டதாம். அவர்களிலும் நீவி விடுகிற கிழவிகள் உண்டு. குடல் இடம் மாறும் என்று இரு பக்கத்துப் பெரியவர்களும் எப்படியோ யூகித்திருக்கிறார்கள். அந்த யூகத்துக்கு என் வணக்கம். ஆனால் முறுக்கிய குடல் வெளியிலிருந்து எண்ணெய் போட்டு நீவினால் பிரியாது. பன்னிரண்டு நாள் குழந்தையைப் புடவையில் போட்டு இப்படியும் அப்படியும் உருட்டுவதால் நன்மை ஒன்றும் இல்லை; கழுத்து நிற்காத குழந்தைக்கு அதுவே ஆபத்து. முறுக்கு சில சமயம் தானே கொஞ்சம் தளரும். வாந்தி நிற்கும், குழந்தை பால் குடிக்கும். உரம் எடுத்ததால் சரியாயிற்று என்று நினைப்போம். மறுபடி முறுக்கும்போது உரம் எடுக்கும் பாட்டியைத் தேடிப் போவோம். அந்த அரை நாள்தான் குடலின் ஆயுள்.

நிறத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் இது என்னுடைய ஒருவனின் காதுக்கோளாறு மட்டுமில்லை. 2006-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வில், கிளாஸ்கோ மருத்துவர்கள் வண்ண அட்டையைக் காட்டி, இதில் பித்த வாந்தி எது என்று பெற்றோரையும் மருத்துவப் பணியாளர்களையும் கேட்டார்கள். பதில்கள் ஒன்றுபடவில்லை; பெற்றோர் பலர் மஞ்சளைக் காட்டினார்கள். ஒரே மொழி பேசும் ஊரிலேயே இந்த நிலை என்றால், தமிழில் நினைத்து இந்தியில் தடுமாறி ஆங்கிலத்தில் எழுதப்படும் நம் பர்ச்சிகளின் கதி என்ன? முதல் சில நாள் சீம்பால் மஞ்சளாக இருக்கும், அதைக் குழந்தை கக்கினால் மஞ்சளாகத்தான் வரும். பச்சைக்கு அந்தச் சாக்குக் கிடையாது. ஆகவே 'பித்தம்', 'வாந்தி', 'உல்டி' என்றெல்லாம் பெயர் சூட்டாமல் நிறத்தைச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, கறை பட்ட துணியைத் துவைக்காமல் கையோடு எடுத்துப் போங்கள். நம் பெண்களுக்குச் சுத்தம் ஒரு பிடிவாதம். டாக்டரிடம் போவதற்கு முன் குழந்தையைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, பவுடர் போட்டு எடுத்துப் போவார்கள். அன்று ஒரு நாள் வேண்டாம். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வழியில் பாலோ கிரைப் வாட்டரோ கொடுக்காமல் போய்ச் சேருங்கள்.

"இந்த டாக்டர்கள் எதற்கெடுத்தாலும் ஸ்கேன் எழுதுகிறார்கள், எல்லாம் காசு" என்று சொல்லும் நண்பர்கள் எனக்கும் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. தலைவலிக்கு சி.டி. எழுதும் இடங்களை நானே பார்த்திருக்கிறேன். குழந்தைக்குத் தேவையில்லாத கதிர்வீச்சு கூடாது என்று இத்தனை ஆண்டு ஈயக் கவசத்தின் பின்னால் நின்றவனை விட யார் உரக்கச் சொல்ல முடியும்? ஆனால் ஒரு படம் உயிரைக் காக்கும் இடம் என்று நான் கை வைத்துச் சொல்லக்கூடியது இது. இங்கே சிக்கனம் வேண்டாம். படத்தில் ஒன்றுமில்லை என்று வந்தால் பணம் வீண் என்று நினைக்கவும் வேண்டாம்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளிடமும் இந்தக் கோளாறு சில சமயம் ஒளிந்திருக்கும். அடிக்கடி சாப்பிட்டவுடன் வயிற்று வலி, இடையிடையே வாந்தி, எடை ஏறாமை என்று வரும். வயிற்று வலி என்று சொல்லும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இது இராது. கணக்குப் பரீட்சையன்று வரும் வயிற்று வலியை நாம் அறிவோம். ஆனால் வலியோடு பச்சை வாந்தியும் சேர்ந்தால் அதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளக் கூடாது. பெரிய பிள்ளைகளுக்கு சி.டி.யிலும் இது தெரியும்.

மந்திர் மார்க் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் ஒருவகையில் பாக்கியசாலிகள். 1916-இல் திறந்த லேடி ஹார்டிங்கும், அதையொட்டி 1956-இல் வந்த கலாவதி சரண் குழந்தைகள் மருத்துவமனையும் ஆட்டோவில் பத்து நிமிடம். ராம் மனோகர் லோகியா இன்னொரு பக்கம். எய்ம்ஸ், சஃப்தர்ஜங், லோக் நாயக், கீதா காலனியில் சாச்சா நேரு ஆகிய இடங்களிலும் குழந்தைகளுக்கான அறுவைப் பிரிவு உண்டு. ஆனால் நம் மக்கள் எல்லாரும் கோல் மார்க்கெட்டிலா இருக்கிறோம்? ஜங்புரா மதராசி கேம்ப் 2025 ஜூனில் இடிக்கப்பட்டபோது வீடு ஒதுக்கப்பட்டவர்களுக்கு அது நரேலாவில் கிடைத்தது. அங்கிருந்து நடுராத்திரியில் கைக்குழந்தையோடு நடு தில்லிக்கு வருவதை எண்ணிப் பாருங்கள். அருகில் இருக்கும் நர்சிங் ஹோமில் ஒரு எக்ஸ்-ரே எடுத்து 'நார்மல்' என்று சொன்னால் யாருக்குத்தான் திரும்பிப் படுக்கத் தோன்றாது?

நம் பெண்களில் பலர் பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறார்கள். அந்த முதல் மாதம் முழுவதும் குழந்தை ஊரில்தான். ஆகவே இதை இங்கே படித்தால் போதாது, ஊரில் இருக்கும் சம்பந்தி அம்மாளுக்கும் போன் போட்டுச் சொல்ல வேண்டும். சென்னை என்றால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகட்டும்.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் செலவழிப்பதை நான் குறை சொல்லவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறவன்தான் நான். வளைகாப்புக்கு மண்டபம் கேட்டு வருகிறவர்களுக்கு ஓர் அரைத் தாள் அச்சடித்துக் கொடுங்கள். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் இந்தி. எந்த மருத்துவமனையில் இரவிலும் குழந்தை அறுவை மருத்துவரும் அல்ட்ராசவுண்டும் இருக்கிறது என்பதை நம் டாக்டர் உறுப்பினர்கள் விசாரித்து அதில் எழுதட்டும். நரேலாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்க் கொடுக்கலாம், நான் வருகிறேன். மருத்துவமனைகளில் தமிழ் தெரிந்த நர்ஸ்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இரவு நேரத்தில் போனில் மொழிபெயர்த்து உதவ அவர்களில் பத்துப் பேர் சம்மதித்தால் அந்த எண்களையும் தாளில் போடலாம். அவர்களிடம் நான் வேண்டிக்கொள்வது, கேட்டதை அப்படியே சொல்லுங்கள், சந்தேகம் இருந்தால் "என்ன பச்சை? இலைப் பச்சையா?" என்று திருப்பிக் கேளுங்கள்.

அன்று பள்ளி வாசலில் நான் எழுதிக் கொடுத்த வரி இதுதான்: "பச்சா ஹரே ரங் கீ உல்டி கர் ரஹா ஹை, பத்தே ஜைஸா ஹரா." குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுக்கிறது, இலை போன்ற பச்சை. தமிழ் எழுத்திலேயே எழுதினேன், வாசித்துக் காட்டினால் போதும் என்று.

நான்காம் நாள் போன் வந்தது. அன்று மாலையே போயிருக்கிறார்கள். அந்த வரியை வாசித்ததும் டாக்டர் எழுந்தே நின்றுவிட்டாராம். அல்ட்ராசவுண்ட், மறுநாள் காலை பேரியம், இரண்டிலும் குடல் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ரத்தத்தில் ஏதோ கிருமி. மருந்து கொடுத்தார்கள், பால் குடிக்கிறான். "ரெண்டு நாள் அலைஞ்சதுதான் மிச்சம் மாமா, ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க" என்றார் கொஞ்சம் சலிப்போடு. "ரொம்ப சந்தோஷம் அம்மா" என்றேன். குழந்தையின் பெயரைக் கேட்டேன். இன்னும் வைக்கவில்லையாம், முப்பதாம் நாள்தான் வைப்பார்களாம். எனக்கும் அழைப்பு உண்டு என்றார்.